ஒரே வாசல், இரண்டு இயந்திரங்கள்

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. ஆண்டிபட்டித் தொகுதியில் ஒரு கிராமத்துப் பள்ளியில் எனக்குத் தேர்தல் பணி. சொந்த ஊர் உத்தமபாளையம் பக்கம் என்பதால் அந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது. காலை ஏழு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை நின்றது. அன்றைக்கு அந்த அறையில் எல்லாமே இரட்டை. மக்களவைக்கு ஒரு மறைப்பு, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு இன்னொரு மறைப்பு. ஒன்றில் வெள்ளைத் தாள் ஒட்டிய இயந்திரம், மற்றதில் ரோஸ் தாள் ஒட்டியது.

பத்து மணி வாக்கில் ஒரு அம்மாச்சி வந்தார். விரலில் மை வைத்ததும் நகரவில்லை. இரண்டு மறைப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, இதுல டில்லிக்குப் போறது எது, மெட்ராசுக்குப் போறது எது?"

சொன்னேன். தலையாட்டிவிட்டு வெள்ளையை முடித்தார், ரோஸை முடித்தார், போய்விட்டார். முகவர்களில் ஒருவர் சிரித்தார். "எங்க குத்துனா என்னத்தா, எல்லாம் ஒரே எலதான்" என்றார். எதிர்க்கட்சி முகவர் மறுத்துப் பேசவில்லை. அன்று எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தோம். தேனி இரட்டை இலையின் கோட்டை. அதிலும் ஆண்டிபட்டி எம்.ஜி.ஆர். தொகுதி, ஜெயலலிதா தொகுதி. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மே 23 அன்று பெட்டி திறந்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்த 38 மக்களவைத் தொகுதிகளில் 37-ல் தி.மு.க. கூட்டணி வென்றது. மிச்சமிருந்த ஒன்று தேனி. அன்றைய துணை முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத், காங்கிரசின் ஈ.வி.கே.எஸ். இளங்கோவனை 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். கோட்டை என்ற பேச்சு மெய்தான் என்று ஆகியிருக்கும், அதே நாளில் ரோஸ் தாள்களும் எண்ணப்படாமல் இருந்திருந்தால். ஆண்டிபட்டி, பெரியகுளம் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளையும் தி.மு.க. எடுத்துக்கொண்டது. ஆண்டிபட்டியில் சுமார் 12 ஆயிரம், பெரியகுளத்தில் சுமார் 20 ஆயிரம் வித்தியாசம். இரண்டுமே 2016-ல் இலை வென்ற தொகுதிகள். இரண்டு உறுப்பினர்களும் தினகரன் பக்கம் போய், 2017-ல் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் சேர்ந்ததால் வந்த இடைத்தேர்தல் அது.

ஆண்டிபட்டியில் போட்டியிட்டவர்கள் உடன்பிறந்த சகோதரர்கள். மகாராஜன் உதயசூரியனில், லோகிராஜன் இரட்டை இலையில். ஜெயித்தது சூரியன். "பதவி வீட்ட விட்டு வெளிய போகலப்பா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அப்பாலும் அதில் விஷயம் இருந்தது. அன்றைக்கு ஆட்சியே தராசில் ஆடிக்கொண்டிருந்தது. 22 இடைத்தேர்தல்களில் சில இடங்களைப் பிடித்தால்தான் எடப்பாடி பழனிசாமி அரசுக்குப் பெரும்பான்மை நிலைக்கும் என்ற நிலை. அ.தி.மு.க. 9 இடங்களை வென்றது, அரசு பிழைத்து 2021 வரை ஓடியது. ஆனால் பிழைக்க வைத்த அந்த ஒன்பதில் கோட்டை என்று சொல்லப்பட்ட தேனி மாவட்டத்தின் பங்கு பூஜ்யம். துணை முதல்வரின் மகனை டில்லிக்கு அனுப்பிய அதே தொகுதியிலிருந்து, துணை முதல்வரின் நாற்காலிக்கு முட்டுக்கொடுக்க ஒரு ஆள்கூடப் போகவில்லை.

மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மதுரை மாவட்டத்துச் சோழவந்தானும் உசிலம்பட்டியும் அதில் சேர்த்தி. இடைத்தேர்தல் நடந்தது இரண்டில் மட்டும். ஆகவே இரண்டு முடிவுகளையும் அப்படியே எதிரெதிர்த் தட்டில் வைத்துவிட முடியாதுதான். ஆனாலும் அந்த அம்மாச்சியின் கேள்வி என்னை விடவில்லை. எது எங்கே போகிறது என்று தெரியாமல் குத்த அவருக்கு மனமில்லை. அதற்குப் பிறகுதான் பழைய தேர்தல் முடிவுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1962 பொதுத்தேர்தல். அப்போது மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒன்றாகவே வாக்குப்பதிவு. மாநிலத்தில் காங்கிரஸ் 139 இடங்களுடன் அமர்ந்திருந்தது, தி.மு.க. 50-ஐ எட்டிய தேர்தல். காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். அந்தத் தேர்தலில் தேனி சட்டமன்றத் தொகுதி (இன்று அப்படி ஒரு தொகுதியே இல்லை, மறுசீரமைப்பில் போய்விட்டது) தி.மு.க.வின் எஸ்.எஸ். ராஜேந்திரனைத் தேர்ந்தெடுத்தது. நாட்டிலேயே சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் சினிமா நடிகர் என்று அவரைச் சொல்வார்கள். தேனியை உள்ளடக்கிய பெரியகுளம் மக்களவைத் தொகுதியோ காங்கிரசின் மலைச்சாமியை அனுப்பியது. எம்.ஜி.ஆர். தேர்தலில் நிற்பதற்கு ஐந்து வருடம் முன்பு நடந்த கதை இது. சினிமாவுக்கு மயங்கிய பள்ளத்தாக்கு என்று எங்களைக் கேலி செய்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

1980 இன்னும் வேடிக்கை. ஜனவரியில் மக்களவைத் தேர்தல். தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் கூட்டணி 39-ல் 37 வென்றது, பெரியகுளமும் தி.மு.க.வுக்கு. எம்.ஜி.ஆர். முடிந்தார் என்று கணக்குப் போட்டு பிப்ரவரியில் அவர் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதக் கடைசியில் சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். 129 இடங்களுடன் திரும்பி வந்தார். ஆண்டிபட்டியில் ஜெயித்தது யார் என்று பார்த்தால், அதே எஸ்.எஸ்.ஆர்., இப்போது அ.தி.மு.க.வில். ஐந்து மாதத்துக்குள் டில்லிக்கு ஒரு பதில், மெட்ராசுக்கு வேறு பதில். கலைத்தவர்களுக்கு இந்தப் பாகுபாடு பிடிபடவில்லை.

பிறகு 1984. இந்திரா காந்தி அக்டோபர் 31 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில். டிசம்பர் 24 அன்று இரண்டு தேர்தலும் ஒன்றாக வந்தன. மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டிக்கு மனுப் போட்டார். தொகுதிக்குள் ஒரு நாள்கூட வராமல், முப்பதாயிரத்துக்கும் கூடுதலான வாக்குகளில் ஜெயித்தார். அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று காட்ட வீடியோ எடுத்து ஊர் ஊராகத் திரையிட்டார்கள். எங்கள் அம்மா அதைப் பார்த்தவர். "ஏதோ சாப்புடுற மாதிரி காட்டுனாங்க. அதப் பாத்துட்டுப் பொம்பளைக அழுதாங்க, ஒப்பாரி வைக்காத கொறதான்" என்பார். கோட்டை என்ற சொல் ஆண்டிபட்டியில் ஒட்டிக்கொண்டது அந்த வருடம்தான்.

அந்தக் கோட்டையின் ஆயுள் சரியாக ஒரு தேர்தல். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்தார், கட்சி உடைந்தது, இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரியில் அவர் மனைவி ஜானகி இரட்டைப் புறா சின்னத்தில் அதே ஆண்டிபட்டிக்கு வந்தார். தோற்றார். வென்றவர் தி.மு.க.வின் ஆசையன். மலையடிவாரத்தில் கொஞ்ச தூரம் தள்ளி, போடிநாயக்கனூரில், சேவல் சின்னத்தில் நின்ற ஜெயலலிதா 28 ஆயிரத்துக்கும் கூடுதலான வாக்குகளில் ஜெயித்து முதன்முறையாகச் சட்டமன்றம் போனார். எதிரணிக்காக நின்றவர் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலா. பின்னாளில் ஜெயலலிதாவின் இடத்தில் முதல்வராக உட்கார்ந்த பன்னீர்செல்வம் அன்று நிர்மலாவுக்காக வேலை பார்த்தவர். ஜானகி மீது பரிவு இல்லாமல் இல்லை. ஆனால் விதவை என்பதற்காக மட்டும் ஒரு தொகுதியை எழுதிக் கொடுக்க ஆண்டிபட்டி தயாராக இல்லை. அதே வருடம் நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தபோது மாநிலத்தை ஆண்ட தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. பெரியகுளம் அ.தி.மு.க. அணியோடு போனது.

இதற்கு எதிர்சாட்சியும் உண்டு, மறைக்கக் கூடாது. 1984-ல் போலவே 1991-லும் 1996-லும் இரண்டு தேர்தல்கள் சேர்ந்தே நடந்தன. மூன்று முறையும் மாநிலம் முழுக்க இரண்டு வாக்கும் ஒரே திசையில்தான் பாய்ந்தன. 1991-ல் ராஜீவ் காந்தி கொலை, 1996-ல் ஜெயலலிதா ஆட்சி மீதிருந்த கோபம். 1996-ல் ஆண்டிபட்டியே மறுபடி ஆசையனைத் தேர்ந்தெடுத்தது. அலை அடிக்கும்போது எந்தத் தாள் வெள்ளை, எந்தத் தாள் ரோஸ் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே நேரத்தில் தேர்தல் வைத்தால் மக்கள் ஒரே கட்சிக்குப் போடுவார்கள் என்று வாதிடுவோர் இந்த மூன்றையும் காட்டுவார்கள். நான் 1962-ஐயும் 2019-ஐயும் காட்டுவேன். அலை இல்லாத வருடத்தில் ஜனங்கள் பிரித்துப் பார்க்கிறார்கள்.

2019-ல் என்ன பார்த்தார்கள்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வெள்ளைத் தாளில் சூரியன் இல்லை, கை இருந்தது. இளங்கோவன் ஈரோட்டுக்காரர், பெரியார் குடும்பம், பெயர் பெற்றவர். ஆனால் கம்பத்தில் நின்று பேசினால் வெளியூர்க்காரர்தான். எதிரே உள்ளூர் வேட்பாளர், அப்பா துணை முதல்வர். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் அகலப்பாதைக்காக 2010 கடைசியோடு நின்று எட்டு வருடம் ஓடியிருந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் தண்டவாளம் பெயர்த்த மேடு மட்டும் கிடந்தது. அதிகாரம் உள்ள வீட்டுப் பிள்ளை போனால் ரயில் வரும் என்று காதுபடப் பேசினார்கள். (ரயில் தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் வந்தது.) ரோஸ் தாள் விவகாரம் வேறு. ஆண்டிபட்டிக்குள்தான் வைகை அணை இருக்கிறது. அணையைச் சுற்றி இருக்கிற மேட்டுக்காட்டு ஊர்களில் குடத்தோடு நிற்கிறார்கள். சென்னையில் இருக்கும் அரசு அம்மா போன பிறகு ஒட்டுப்போட்ட அரசு என்ற எண்ணமும் இருந்தது. அந்தக் கோபத்தை இறக்கி வைக்க ரோஸ் தாள் தோதாக இருந்தது.

பணமும் பாய்ந்தது. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ஆண்டிபட்டியில் ஒரு கட்சி அலுவலகம் இருந்த கட்டிடத்தில் சோதனைக்குப் போனபோது தகராறாகி, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. 1.48 கோடி ரூபாய் பிடிபட்டதாகவும், கட்டுகளில் வார்டு எண்ணும் ஆளுக்கு 300 ரூபாய் என்ற குறிப்பும் இருந்ததாகவும் வருமான வரித் துறை சொன்னது; அந்தக் கட்சி மறுத்தது. எங்களுக்கு அன்று இரவு தூக்கம் போனது. எண்ணிக்கையில் அந்தக் கட்சி மூன்றாவதாக வந்தது.

வென்றவருக்கும் நிம்மதி இல்லை. 2023 ஜூலையில் ரவீந்திரநாத்தின் வெற்றி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024-ல் தேனி தங்க தமிழ்ச்செல்வனிடம் போனது, இம்முறை உதயசூரியனில், 2 லட்சத்து 78 ஆயிரம் வித்தியாசம். அவர் கதை தனியாக எழுத வேண்டியது: 2001-ல் ஆண்டிபட்டியில் இலையில் ஜெயித்து, ஜெயலலிதாவுக்காக இடத்தைக் காலி செய்தவர், 2019-ல் அ.ம.மு.க.வில் நின்று மூன்றாவது, 2021-ல் தி.மு.க.வில் நின்று போடியில் பன்னீர்செல்வத்திடம் தோல்வி. 2024-ல் அவர் வீழ்த்திய டி.டி.வி. தினகரன் 1999-ல் இதே பெரியகுளத்தில் மக்களவை உறுப்பினர். கோட்டைக்கு யார் சொந்தக்காரர் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த 2024 ஏப்ரல் 19 அன்றும் எனக்குப் பணி, வேறொரு பள்ளியில். ஒரே மறைப்பு, ஒரே இயந்திரம். மத்தியானம் ஒரு பெரியவர் வாக்களித்துவிட்டு வெளியே போகாமல் நின்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னொன்னு எங்கப்பா?"

"இந்தத் தடவ ஒண்ணுதான்யா. டில்லிக்கு மட்டும்."

"அப்ப மெட்ராசுக்கு?"

"அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

"சரி, இருக்கட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.