தங்கவயல் குடித்த தண்ணீர்

கோலார் தங்கவயலுக்கு 'குட்டி இங்கிலாந்து' என்று ஒரு பேர் உண்டு. சாய்ந்த கூரை, புகைபோக்கி, முன்னால் தோட்டம் என்று வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள் இன்றும் சில நிற்கின்றன. நம்மூர் வெயிலுக்குப் புகைபோக்கி எதற்கோ! 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்த பிறகு வளர்ந்த ஊர் இது. சிவசமுத்திரம் மின்சாரம் 1902-லேயே இங்கே வந்துவிட்டது. பெங்களூருக்கு 1905-ல்தான்.

நம்ம ஜனங்கள் இருந்தது மூங்கில் தட்டிக் குடிசைகளில். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போனவர்கள் பலர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தார்கள். 120 வருஷத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். வங்கிக்காரன் புத்தி, அன்றைய விலைக்குப் பெருக்கிப் பார்க்கிறது.

போன விடுமுறையில் பக்கத்து பேத்தமங்கலா ஏரிக்குப் போனேன். தங்கவயலுக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஏரி. தேங்கியிருப்பது பாலாற்றுத் தண்ணீர். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று கீழே போகும் அதே பாலாறு! அந்தக் கரைகளில் பிழைப்பில்லாமல் கிளம்பியவர்கள், ஆற்றின் மேல்பக்கம் வந்து அதே ஆற்றுத் தண்ணீரைக் குடித்துத் தங்கம் வெட்டியிருக்கிறார்கள்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் பலர் இப்போது விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவில் தங்கவயலுக்கே திரும்புகிறார்கள்.