மறுபயனை யார் தர வேண்டும்?

ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்கள் இரண்டு வழக்குகளைச் சேர்த்தே படிப்பார்கள்: இங்கிலாந்தின் ட்வெடில் எதிர் அட்கின்சன், சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னய்யா எதிர் ராமய்யா. இரண்டுமே குடும்பத்துக்குள் கொடுத்த வாக்கைப் பற்றியவை. தீர்ப்புகளோ நேர் எதிர்.

முதலாவது 1861-இல் வந்தது. கல்யாணம் முடிந்தபின் சம்பந்திகள் இருவரும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பையனுக்கு அவன் தந்தை 100 பவுண்டு தர வேண்டும், மாமனார் 200 பவுண்டு தர வேண்டும். பணம் வராவிட்டால் பையனே வழக்குப் போடலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. மாமனார் பணம் தராமலே இறந்துபோனார். மருமகன் வழக்குப் போட்டுத் தோற்றார். வாக்குக்கு ஈடாகத் தரப்படுவதே மறுபயன் (consideration); அவர் அப்படி எதையும் தரவில்லை, ஆகவே மறுபயனுக்கு அவர் அந்நியர் என்றது நீதிமன்றம். இரத்த பாசத்தையும் மறுபயனாக அது ஏற்கவில்லை. இருவர் மனமொத்துத் தெளிவாக எழுதிவைத்த ஏற்பாடு, அது யாருடைய நன்மைக்காக எழுதப்பட்டதோ அவர் கையிலேயே பயனற்றுப் போனது.

ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து சென்னைக்கு வந்த வழக்கில், ஒரு மூதாட்டி தன் மகளுக்கு நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார். தன் சகோதரர்களுக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் மகள் தர வேண்டும் என்பது நிபந்தனை. மகளும் அன்றே தாய்மாமன்மாருக்கு அப்படியே எழுதிக் கொடுத்தார். பிறகு, "மாமன்மார் எனக்கு எதுவும் தரவில்லையே" என்று பணம் தர மறுத்தார். தானப் பத்திரத்தையும் மகள் எழுதிக் கொடுத்ததையும் ஒரே ஏற்பாடாகப் பார்க்கலாம், தாய் கொடுத்த நிலமே போதிய மறுபயன் என்று மாமன்மார் பக்கம் தீர்ப்பானது.

இதற்கு இடம் தந்தது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 2(d) பிரிவு. வாக்களித்தவர் விரும்பிக் கேட்டதை, வாக்குப் பெற்றவரோ வேறு எவரோ செய்தால் போதும் என்கிறது அது. ஆங்கிலச் சட்டம் வழக்குப் போட்டவரைப் பார்த்து "நீ என்ன தந்தாய்?" என்று கேட்கிறது. நம் சட்டம் வாக்களித்தவரைப் பார்த்து "நீ கேட்டது நடந்ததா?" என்று கேட்கிறது. நியாயமான கேள்வி இரண்டாவதே என்பது என் துணிபு. நிலத்தை வாங்கிக்கொண்டவர், கொடுத்தது யார் என்று காரணம் காட்டிக் கடமையிலிருந்து நழுவக் கூடாது.

இந்தக் கேள்வி எல்லோரையும் காப்பாற்றிவிடாது. 1880-இல் அலகாபாத்தில் ஒரு வழக்கு. கலெக்டர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் கடைவீதி கட்டினார். அங்கே வியாபாரம் செய்தவர்கள் அவருக்குத் தரகு தருவதாகச் சொல்லிவிட்டுத் தரவில்லை. கட்டச் சொன்னது அவர்கள் அல்லவே என்பதால் கட்டியவர் தோற்றார்.

கடனில் ஒரு பகுதியைத் தள்ளிவிடும் விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. 5,000 ரூபாய் கடனுக்கு 2,000 வாங்கிக்கொண்டு "போதும்" என்று ஏற்றால் கடன் தீர்ந்தது என்று 63-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டே சொல்கிறது. இங்கிலாந்திலோ, அசலைத் தவணையாகக் கட்டினால் வட்டி கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்ட பெண்மணி பின்னர் வட்டி கேட்டபோது, 1884-இல் பிரபுக்கள் சபை அவர் பக்கமே நின்றது. வட்டியை விட்டதற்கு மறுபயன் இல்லையாம்.

ஆனால் முதலில் சொன்ன இரு வழக்குகளும் அச்சாக ஒன்றல்ல. மாமன்மாருக்கு மகள் நேரடியாகவே எழுதிக் கொடுத்திருந்தார். ஆங்கில மருமகனோ அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்ல. நம் சட்டம் மறுபயனுக்குத்தான் கதவைத் திறந்தது. ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் இங்கும் பொதுவாக வழக்குப் போட முடியாது என்பதை 1969-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. குடும்ப ஏற்பாடு, அறக்கட்டளை போன்ற விதிவிலக்குகள் உண்டு என்பதால் அந்த மருமகன் இங்கே ஒருவேளை ஜெயித்திருக்கலாம். உறவோ சொத்துரிமையோ இல்லாமல், இருவர் ஒப்பந்தத்தால் நன்மை பெற வேண்டிய மூன்றாமவருக்கு அந்த வழியும் குறுகல்.

இங்கிலாந்து 1999-இல் தனிச் சட்டம் இயற்றி, ஒப்பந்தம் இடம் தந்தால் மூன்றாமவரும் வழக்குப் போடலாம் என்று ஆக்கிவிட்டது. அத்தகைய உரிமையை இங்கே தர வேண்டும் என்று நம் சட்ட ஆணையம் 1958-ஆம் ஆண்டிலேயே, தன் 13-ஆம் அறிக்கையில், பரிந்துரைத்தது. ஒப்பந்தச் சட்டத்தில் அது இன்னும் இடம்பெறவில்லை.