1987 இல் மாட்டிக்கொண்ட திரை

பழைய டெஸ்க்டொப் ஒண்டுக்கு வின்டோஸைத் திருப்பிப் போட்டதும் எழுத்தெல்லாம் கொழுத்துப்போய் நிற்கும். பெட்டிகளின் கீழே இருக்கிற 'ஓகே' பொத்தான் திரைக்கு வெளியே போயிரும். "மொனிட்டர் போச்சு" எண்டு கன பேர் முழுக் கணினியையும் பழைய இரும்புக்காரரிட்டக் குடுத்துவிடுகினம். உண்மையில் இல்லாதது கிராஃபிக்ஸ் ட்ரைவர் மட்டும்தான்.

ட்ரைவர் இல்லாவிட்டாலும் ஒரு படம் வருகுதே, அது எங்கிருந்து? 1987 ஏப்ரலில் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ என்ற முறையைக் கொண்டுவந்தது. 640 × 480 புள்ளிகள், 16 நிறங்கள். பிறகு வந்த கார்டுகளும் அந்தப் பழைய பாசையை மறக்காமல் வைத்திருந்தன. எக்ஸ்பி காலத்துக் கணினிகள் வழி தெரியாமல் நிற்கும்போது இந்த அளவுக்குத்தான் இறங்கும்.

அதே 1987 மே மாதம் வடமராட்சியில் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' நடந்தது. ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் சண்டை பிடித்தது. 1990 இல் திரும்பச் சண்டை தொடங்கின பிறகு கரண்டும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். உலகம் 640 இலிருந்து 800, 1024 எண்டு ஏறின வருசங்களை எங்கட ஊர் பெரும்பாலும் ஜாம் போத்தல் விளக்கில்தான் கழித்தது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் கணினிகள் தாராளமாக வந்தன. ட்ரைவர் சீடி பெட்டிக்குள்ளேயே வரும். அது தொலைந்தால் அலைச்சல்தான்.

அந்தக் கணினிகளில்தான் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில், கோயில் மலர்களும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளும் உருவாகின. ஒரு குடும்பத்தின் வம்சாவளி முழுக்க ஒரு கல்வெட்டுக்குள் இருக்கும். அச்சடித்த பிரதிகள் இடம்பெயர்வில் போன வீடுகள் எத்தனை! 1981 இல் நூலகம் எரிந்ததைப் பற்றி வருசாவருசம் எழுதுகிறம். இதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

சரி, திரை கொழுத்திருந்தால் டிவைஸ் மனேஜரைத் திறந்து பாருங்கோ. 'டிஸ்பிளே அடப்டர்' எண்ட இடத்தில் கார்டின் பெயருக்குப் பதிலாக 'பேசிக்' அல்லது 'ஸ்டாண்டர்ட் விஜிஏ' எண்டு நிண்டால் ட்ரைவர்தான் இல்லை. கார்டின் பெயர் சரியாக இருந்தும் ரெசலூஷன் ஏறாட்டி கேபிளைப் பாருங்கோ. 1994 இலிருந்து மொனிட்டர் தன் அளவைத் தானே கணினிக்குச் சொல்லும். விஜிஏ கேபிளின் 15 ஊசிகளில் 12 ஆம், 15 ஆம் ஊசிகள் அதற்குத்தான். மலிவுக் கேபிள்களில் சிலவேளை அவை இருக்காது, வளைந்தும் இருக்கலாம்.

இன்னும் வின்டோஸைத் திருப்பிப் போடவில்லையெண்டால், முதலில் கோப்புகளையும் பாமினியையும் பிரதி எடுங்கோ. பாமினி இல்லாமல் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். கணினியைக் குடுக்கத்தான் வேணுமெண்டால், ஹாட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குடுங்கோ.