ஒரே கைப்பையில் இரண்டு சுதந்திரங்கள்

1968-ம் வருடம். ஓர் அமெரிக்க இளம்பெண்ணின் கைப்பையைக் கற்பனையில் கொஞ்சம் திறந்து பாருங்கள். (கேட்காமல் திறப்பது தப்புதான். சரித்திரத்துக்காக மன்னித்துவிடுவார்!) சீப்பு, லிப்ஸ்டிக், கொஞ்சம் சில்லறை. கூடவே இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்றில் கருத்தடை மாத்திரை, இன்னொன்றில் சிகரெட்.

இரண்டையுமே அவரிடம் 'சுதந்திரம்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே உடம்புக்குள் போனால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்க இன்னும் ஒன்பது வருடம் ஆனது. அந்தத் தாமதத்தின் கதைதான் இது.

சிகரெட்டிலிருந்து ஆரம்பிப்போம். பெண்கள் தெருவில் புகைபிடிப்பது கேவலம் என்று அமெரிக்கா நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. பாதி ஜனத்தொகை வாடிக்கையாளராக வரவில்லையென்றால் எந்த முதலாளிக்குத் தூக்கம் வரும்? அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனிக்காக எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர மூளை ஒரு காரியம் செய்தது. 1929 ஈஸ்டர் ஞாயிறன்று, நியூயார்க் ஐந்தாம் அவென்யூ ஊர்வலத்தில் சில இளம்பெண்களை சிகரெட்டோடு நடக்கவைத்தார். சிகரெட்டுக்குக் கொடுத்த பெயர், 'சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்'! 1968-ல் பிலிப் மோரிஸ் கம்பெனி பெண்களுக்கென்றே 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' என்ற ஒல்லி சிகரெட்டை இறக்கியபோதும் பாடிய பாட்டு அதேதான், பெண் விடுதலை.

மாத்திரையின் கதை வேறு. மார்கரெட் சேங்கர் என்ற போராளியின் கனவு அது. காதரின் மெக்கார்மிக் என்ற பணக்காரப் பெண்மணி தன் சொந்தப் பணத்தைக் கொட்ட, கிரிகோரி பின்கஸ் என்ற விஞ்ஞானி ஆராய்ச்சி செய்ய, 1960-ல் 'எனோவிட்' கருத்தடை மாத்திரையாக அனுமதி பெற்றது. எத்தனை பிள்ளை, எப்போது என்பதைப் பெண்ணே முடிவு செய்யலாம். இது விளம்பரக்காரர் தயாரித்த சுதந்திரமல்ல, நிஜமானது.

ஆனால் டோஸ்? அந்த முதல் மாத்திரை ஒவ்வொன்றிலும் இருந்த ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 35 அல்லது அதற்கும் குறைவு. 1961-லேயே ஜோர்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் 'லான்செட்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வேறொரு கோளாறுக்காக அதே மருந்தைச் சாப்பிட்ட ஒரு நர்ஸுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டு! ஒரே ஒரு கேஸ்தானே என்று பலர் தோளைக் குலுக்கினார்கள்.

1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் இதுபற்றி விசாரணை நடத்தினார். டாக்டர்கள் வந்து பேசினார்கள். மாத்திரையைத் தினமும் விழுங்குகிற ஒரு பெண்ணைக்கூடக் கூப்பிடவில்லை! பார்வையாளர் வரிசையில் இருந்த ஆலிஸ் வுல்ஃப்சனும் அவரது தோழிகளும் எழுந்து சத்தம் போட்டார்கள். 'எங்கள் உடம்பு, எங்களிடம் ஏன் சொல்லவில்லை?' என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். அதே வருடம் மாத்திரைப் பெட்டிக்குள் ஓர் எச்சரிக்கைச் சீட்டு வந்தது. ரத்தக்கட்டு பற்றிச் சொன்னது. சிகரெட் பற்றிச் சொல்லவில்லை.

ஏனென்றால், அந்தக் கணக்கை அப்போது வேறு சிலர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனில் சுமார் 1,400 குடும்ப டாக்டர்கள். பெரிய ஆராய்ச்சிக்கூடமெல்லாம் கிடையாது. மான்செஸ்டர் டாக்டர் கிளிஃபோர்ட் கே வழிநடத்த, 1968-ல் ஆரம்பித்தார்கள். மாத்திரை சாப்பிடும் பெண்கள் சுமார் 23,000, சாப்பிடாதவர்கள் அதே அளவு. யாருக்கு என்ன நோய், யார் இறந்தார், யார் புகைத்தார் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். காமர்ஸ் படித்தவன் என்பதால் சொல்கிறேன், ஒழுங்காக எழுதப்பட்ட பேரேடு பொய் சொல்லாது.

1977-ல் கணக்கு வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களிடையே இதய, ரத்தநாள நோய்களால் ஏற்பட்ட மரண விகிதம் மற்றவர்களைப்போல ஐந்து மடங்கு! வயது ஏற ஏற, சிகரெட் சேரச் சேர ஆபத்து கூடியது. ஏன் என்கிறீர்களா? ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. சிகரெட் ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கி, ரத்தத் தட்டணுக்களைப் பசைபோல ஒட்டவைக்கிறது. இரண்டும் கைகோத்தால் மாரடைப்பு, பக்கவாதம். ஒன்றும் ஒன்றும் இரண்டல்ல, பதினொன்று!

1978-ல் அமெரிக்க அரசு மாத்திரைக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. இன்றைய விதி எளிமையானது. 35 வயதைத் தாண்டிப் புகைப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது. நம்ம ஊர் மாலா-டி, மாலா-என் இரண்டும் அந்த ரகம்தான். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை, காப்பர்-டி என்று மாற்று வழிகள் இருக்கின்றன. டாக்டர் கேட்காவிட்டாலும் 'நான் புகைப்பேன்' என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுவது உயிர் காக்கும்.

மாத்திரையைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அதே டாக்டர்களின் பேரேட்டை 39 வருடம் தொடர்ந்து பார்த்து 2010-ல் இன்னொரு கணக்கு வந்தது. மாத்திரை சாப்பிட்ட பெண்களின் மொத்த மரண விகிதம் மற்றவர்களைவிடக் கூடவில்லை, கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

கடைசியாக ஒன்று. 1985-ல் அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் மாற்றி மாற்றி அச்சிட நான்கு புது எச்சரிக்கைகள் வந்தன. நான்கில் ஒன்றுகூட கருத்தடை மாத்திரை பற்றிப் பேசவில்லை. மாத்திரைப் பெட்டி சிகரெட்டைப் பற்றி எச்சரித்தது. சிகரெட் பெட்டி மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. எந்த சுதந்திரம் நிஜம் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி உண்டா? தன் குறையைத் தானே எழுதி ஒட்டிக்கொண்டு வருவது எது என்று பாருங்கள், போதும்!