வெட்டுவதா, கழற்றுவதா?

அடுத்த வீட்டுப் பையன் ஒரு நாள் மாலை கையில் ஒரு படத்துடன் வந்தான். மோட்டார் கார் படம். ஆனால் மயிலாப்பூர் மாட வீதிகளில் நீங்களும் நானும் பார்த்த கார் அல்ல. யாரோ ஒரு ராட்சசன் அதன் தலையில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தியதுபோல் கூரை தாழ்ந்து கிடந்தது. ஜன்னல்கள் தூக்கம் வந்தவன் கண்களைப்போல் பாதி மூடியிருந்தன. வயிறு தரையைத் தொட்டுவிடும் போலிருந்தது.

"மாமா, நம்ம ஹெரால்டை இப்படிப் பண்ணப் போறேன். பாட்டிகிட்ட நீங்கதான் பேசணும்" என்றான்.

எனக்குப் பகீரென்றது. அந்த ஹெரால்டு அவனுடைய தாத்தா 1963-ல் வாங்கியது. இரண்டே கதவு. பின் ஸீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் ஸீட்டை மடக்கிக்கொண்டு, பட்டுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு, குனிந்து நுழைய வேண்டும். பாட்டி அப்படித்தான் நாற்பது ஆண்டுகள் கல்யாணங்களுக்குப் போய் வந்தாள். தாத்தா காலமான பிறகு வண்டி கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஆயுத பூஜையன்று மட்டும் பாட்டி அதற்குச் சந்தனம் குங்குமம் இடுகிறாள்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். எழுதுகிறவனிடம் யோசனை கேட்டால் அவன் முதலில் புத்தக அலமாரியைத்தான் திறப்பான்.

பையன் காட்டிய படத்தின் பூர்வோத்தரம் அமெரிக்காவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வாலிபர்கள் பட்டாளத்தில் ஸ்பானர் பிடிக்கக் கற்றிருந்தார்கள். பழைய கார்கள் மலிவாகக் கிடைத்தன. கலிபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸ், ஸாம் பாரிஸ் என்ற சகோதரர்களின் பட்டறையில் 1951-ஆம் ஆண்டு மெர்க்குரி கார் ஒன்றை 1952-ல் கொண்டுவந்து விட்டார் ஹிரோஹாட்டா என்ற இளைஞர். கூரையைத் தாங்கும் தூண்களைச் சில அங்குலம் அறுத்தெடுத்துவிட்டுக் கூரையைக் கீழே இறக்கி ஒட்டினார்கள். ஒட்டின இடத்தின் தழும்பு தெரியாமலிருக்க ஈயத்தை உருக்கிப் பூசி அரத்தால் இழைத்தார்கள். அந்தக் கார் உலகப் புகழ் பெற்றுவிட்டது. இதே ஜார்ஜ் பாரிஸ்தான் பின்னால் ஒரு லிங்கன் காரை மாற்றித் தொலைக்காட்சியின் 'பேட்மேன்' காரைச் செய்தவர்.

ஈயம் பூசுவது என்றதும் எனக்கு நம் தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவன் நினைவுதான் வந்தது. அமெரிக்காவில் இவ்வளவு பணம் கொட்டிச் செய்த காரியத்தின் அடிப்படை நம் வாசல் திண்ணையோரம் துருத்தி வைத்து ஊதியவனுடைய தொழில்!

இதெல்லாம் செல்வம் மிகுந்த நாட்டுப் பைத்தியம், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். மேலும் நாலு பக்கம் புரட்டியதில் அந்த எண்ணம் தவறென்று தெரிந்தது.

சென்னைக்கு மோட்டார் வந்தது இருபதாம் நூற்றாண்டின் வாசலில். பாரி கம்பெனி டைரக்டர் யார்க் என்ற துரை 1901-ல் அடையாற்று பென்ஸ் கார்டன்ஸ் பங்களாவிலிருந்து பாரி முனைக்குக் காரில் போய்வந்ததாகச் சொல்லுவார்கள். இரண்டே ஆண்டுகளில், 1903-ல், மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றை இங்கேயே செய்துவிட்டார். சிம்சன் 1840-ல் தொடங்கிய கம்பெனி. சாரட்டும் குதிரைச் சேணமும் செய்தவர்கள். மரத்தை வளைக்கவும், தகட்டைத் தட்டவும், வர்ணம் பூசவும் தெரிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. குதிரை போய் எஞ்சின் வந்தபோது அந்தக் கைகளுக்கு வேலை போகவில்லை, மாறியது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் பெரிய கார் வாங்குவது என்றால் சக்கரமும் எஞ்சினும் உள்ள அடிச்சட்டத்தை மட்டும் வாங்குவது. மேல்கூடு கட்டுவது வேறு பட்டறையின் வேலை. ஆகவே ஒருவர் காரைப்போல் இன்னொருவர் கார் இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. 1910-ல் கல்கத்தாவில் ஒரு துரை அன்னப் பட்சி வடிவத்தில் கார் செய்வித்து ஓட்டி ஊரைத் திமிலோகப்படுத்தினார். கையில் பணமிருந்தால் கற்பனைக்குத் தடை கிடையாது.

பணமில்லாதவர்களின் கற்பனை பின்னால் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் கார்களின் முதுகில் கரி அடுப்பு ஏறியது. கரியிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். அந்தச் சாதனத்தை நம் டி.வி.எஸ். கம்பெனியே செய்து விற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு அயல்நாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு அடைபட்டது. இங்கே உதிரிப் பாகங்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-க்குள் மூட்டை கட்டிக்கொண்டன. புதுக் கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இருக்கிற காரைச் சாகவிடாமல் வைத்திருப்பது ஒரு கலையாயிற்று. பெட்ரோல் குடிக்கும் அமெரிக்க எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். கிடைக்காத கதவுக்கு வேறு காரின் கதவைத் தட்டிப் பொருத்தினார்கள். அமெரிக்கன் அழகுக்காக வெட்டினான். நாம் பிழைப்பதற்காக வெட்டினோம். ஆனால் இரண்டு பேருக்கும் வேண்டியிருந்த கைத்திறன் ஒன்றுதான்.

இந்தக் கைத்திறன் சென்னையில் இன்றும் குடியிருக்கும் இடம் எழும்பூருக்குத் தெற்கே, கூவம் கரையில், புதுப்பேட்டை. பையனையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் அங்கே போனேன். காரின் சுடுகாடு என்று சிலர் சொல்லுவார்கள். எனக்கு அது ஆஸ்பத்திரியாகத்தான் பட்டது. ஒரு பக்கம் கதவுகள், ஒரு பக்கம் பானெட்டுகள், கடைத் திண்ணையில் எஞ்சின்கள். எங்கும் டிங்கர் வேலை செய்யும் சுத்தியலின் சப்தம். பட்டி தடவித் தேய்க்கும் தூள்.

வயதான டிங்கர் ஒருவரிடம் பையன் தன் படத்தைக் காட்டினான். அவர் படத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வண்டி இன்னா, ஸார்?"

"ஹெரால்டு."

அவர் சிரித்துவிட்டார். "தம்பி, அது போல்ட்டு வண்டிபா. அத்தப் போயி எதுக்கு வெட்டறே? கழட்டு!"

அந்த ஒரு வார்த்தையில் பெரிய சரித்திரம் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனி புதுக் கார் ஒன்று செய்யத் திட்டமிட்டபோது, அவர்களுக்கு மேல்கூடு செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழுக் கூடு செய்துதர ஆள் இல்லை. ஆகவே கூட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்வித்து, போல்ட்டுப் போட்டு இணைக்கும்படி அமைத்தார்கள். இத்தாலிய நிபுணர் மிக்கெலொட்டி உருவம் வரைந்தார். 1959-ல் ஹெரால்டு பிறந்தது. இல்லாமையே அதற்குத் தந்தை. சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் அது உற்பத்தியாயிற்று. நம் ஊரே பெற்ற பிள்ளை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளுக்கென்றே செய்ததுபோல. 1988-ல் அந்தத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோயிற்று.

அம்பாஸடர் அப்படியல்ல. அதற்குக் கூடுதான் எலும்பு. கூரையை அறுத்தால் முதுகெலும்பை அறுத்த மாதிரி. ஹெரால்டுக்கு எலும்பு தனி, சட்டை தனி. அதனால்தான் இங்கிலாந்தில் பாண்டு என்ற சிறு கம்பெனி 1963-ல் ஹெரால்டின் அடிச்சட்டத்தை எடுத்து வேறு சட்டை மாட்டி வேறு காராகவே விற்றது.

"அப்போ நானும் சட்டை மாத்தலாமே, மாமா!" என்று துள்ளினான் பையன்.

அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. கார் செய்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று அது சொல்லுகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்துவிட்டது. 2021-ல் இன்னொரு விதி வந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டி, கூடும் அடிச்சட்டமும் எஞ்சினும் மாறாமல் பழைய உருவிலேயே இருந்தால், அதற்குத் தனி மரியாதையும் தனி நம்பரும் உண்டு. அதாவது தாத்தாவின் ஹெரால்டு இப்படியே இருந்தால் கிழப் பெருமகன். வெட்டிவிட்டால் காகிதமில்லாத அநாதை.

பையன் முகம் வாடிவிட்டது. "புதுசா எதுவுமே பண்ணக் கூடாதா, மாமா? அந்தக் கிரீன் துரை யார்கிட்ட பர்மிஷன் கேட்டார்?"

நியாயமான கேள்வி. அதற்கு உடனே எனக்குப் பதில் வரவில்லை. தெருவில் எதிரே வருகிறவன் உயிருக்காகத்தான் சட்டம். அறுத்த கூரை கவிழ்ந்தால் தாங்குமா என்று கேட்க வேண்டியதுதான். ஆனால் பழையதைப் போற்றுவது மட்டும் தெரிந்த ஊர், ஒரு நாள் செய்யவே தெரியாத ஊராகிவிடும். தி. நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய அம்பாஸடர் நிற்கிறது. ஜனங்கள் பக்தியோடு பார்க்கிறார்கள். அது அப்படியே இருக்கத்தான் வேண்டும். எல்லாக் காரும் அப்படியே நிற்க வேண்டுமா?

வழி இல்லாமலில்லை. சோழவரத்தில் யுத்த காலத்து விமானத் தளத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பந்தயம் நடத்திய நாட்களில், வீட்டுக் கார்களைப் பிரித்து மேய்ந்து ஓட்டியவர்கள் உண்டு. கோயமுத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் கார் செய்து, பணக்காரர்களின் விளையாட்டைச் சாமானியர்களின் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். சோழவரம் போய் இருங்காட்டுக்கோட்டை வந்துவிட்டது. தெருவில் செய்யக் கூடாததை மைதானத்தில் செய்யலாம்.

"அறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா? இங்கேயே நாலு பழைய கதவு வாங்கு. அவரிடம் கற்றுக்கொள். தாத்தா வண்டியை அறுக்காதே, கழற்று. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் திரும்ப மாட்டு. அறுத்தது திரும்ப வராது. கழற்றினது வரும்" என்றேன்.

டிங்கர் தலையை ஆட்டினார். "நாயித்துக்கெழம வந்து பாக்கறேன், ஸார்" என்றார்.

வந்தார். போர்வையை எடுத்து, இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் விடுவித்து, ஹெரால்டின் மூக்கு முழுவதையும் அப்படியே முன்பக்கம் கவிழ்த்தார். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முதலை வாயைப்போல் திறந்துகொண்டது. எஞ்சினும் முன் சக்கரங்களும் வெளியே தெரிந்தன. பாட்டி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் கொஞ்சம் பயந்துதான் போனோம்.

"அந்த டயர் மேலே உட்காந்துண்டுதான் உங்க தாத்தா ரிப்பேர் பண்ணுவார்" என்றாள் பாட்டி. பிறகு, "நின்னுண்டே இருக்கியே, நீயும் உட்காரேன்டா" என்றாள்.

பையன் உட்கார்ந்தான். டிங்கர் அவன் கையில் ஸ்பானரைக் கொடுத்தார்.