பிடிமண்ணும் காலடி மண்ணும்

சுரங்கத்துக்காக நெய்வேலியைச் சுற்றி ஊர்கள் பெயர்ந்தபோது ஊர்ச்சாமிகள் எங்கே போயின என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் சீகன்பால்கு வந்துவிட்டார். பிடாரி போன்ற ஊர்ச்சாமிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த மனிதரைத் தாண்டிப் போக முடியாது.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய இளம் ஜெர்மன் பாதிரியார் அவர். மணலில் விரலால் எழுதும் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து அரிச்சுவடி படித்தார். 1713-இல் நம் சாமி கும்பிடுதலைக் கண்டித்து ‘அக்கியானம்’ என்ற சிறுநூலைத் தமிழில் அச்சடித்தார். அதே ஆண்டில் அதே கைதான் மும்மூர்த்திகள் முதல் ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி வரை நம் தெய்வங்களின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தது. தமிழர்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பி, கடிதமாகவே பதிலும் வாங்கியவர் அவர். இந்த இரட்டை மனசுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஊர்த் தெய்வங்கள் பேய்களை ஊருக்குள் விடாமல் காப்பவர்கள் என்பதைக் கேட்டு அப்படியே எழுதினார். ஐயனார் குதிரையேறி இரவில் எல்லை சுற்றுவது அதற்குத்தானே!

கையெழுத்துப்படி ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போனது. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று, அங்கிருந்து மிஷன் பணியைக் கவனித்த பிராங்கே கிடப்பில் போட்டார். பிசாசோடு உடன்படிக்கை செய்தாள் என்று பெண்களைச் சூனியக்காரிகளாக விசாரிப்பது தவறென்று தொமாசியுஸ் என்ற சட்டப் பேராசிரியர் 1701-லேயே எழுதியது இதே ஹாலேயில்தான். அந்த நியாயம் பிடாரிக்குக் கிடைக்கவில்லை. நூல் 1867-இல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது. நெய்வேலிக்குப் பக்கத்து வடலூரில் வள்ளலார் தருமச்சாலை தொடங்கியதும் அதே ஆண்டு. சிறுதெய்வங்களுக்கு ஆடு கோழி வெட்டுவதைக் கண்டு நடுங்கியவர் அவர். ஆனால் அது உயிர்கள்மேல் வைத்த இரக்கம்; பிராங்கேயின் கோபம் வேறு.

சாமி கும்பிடுவதையும் சூனியம் வைப்பதையும் அஞ்ஞானம் என்று ஒரே முடிச்சில் கட்டியது பெரிய அநியாயம். அம்மனுக்குக் காப்புக் கட்டுவது ஊரறிய, வரி வசூலித்து, பறையடித்து நடப்பது. சூனியம் ஒருத்தன் இன்னொருத்தனுக்கு மறைவில் செய்வது. அதற்குக் கேட்பது பகையாளியின் தலைமுடியும் காலடி மண்ணும். அந்தக் கட்டை அவிழ்க்க சனங்கள் ஓடுவது அம்மன் வாசலுக்குத்தான்.

ஊர் பெயரும்போது எடுப்பது வேறு மண். பழைய பீடத்தடியில் பூசாரி ஒரு பிடி அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, மடியில் வைத்து வருவார். புது இடத்தில் அதைப் போட்டுத்தான் பீடம் எழும்பும். 1956-க்குப் பிறகு சுரங்கத்துக்கு இடம்விட்ட நெய்வேலி ஊர்களில் அள்ளிய பிடிமண்ணின் கதை, அடுத்த வாரம்.