பதநீர்ச் சுவையறிதல்

பதநீர் என்பது பனைமரத்தின் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடித்தெடுக்கும் மதுரமான சாறாகும். சுண்ணாம்பில்லாத கலயத்தில் வடியும் அதே சாறு, நுண்ணுயிர்களின் செய்கையால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாக மாறுகிறது. கள் இறக்குதல் தமிழ்நாட்டில் 1987 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

வடகரை, தென்காசி, குற்றாலம் முதலிய மலையடிவார ஊர்களில் கோடைக்காலத்துக் காலைவேளையில் பனையோலைப் பட்டையில் வார்த்துப் பருகப்படும் பதநீரின் தராதரத்தை முதலில் கண்ணாலும், பின்னர் மூக்காலும், இறுதியில் நாவாலும் ஒப்புநோக்கி அறிதல் வேண்டும். உத்தமமான பதநீர் தெளிந்து, இளம்பாளையின் வாசனையோடு, திகட்டாத இனிப்புடன் தொண்டையில் இறங்கும். சுண்ணாம்பு மிகுந்தது நாவில் காறும். குறைந்தது பட்டையின் விளிம்பில் நுரை கட்டிப் புளிப்பு வாடை வீசும். வெயிலேற வைத்திருந்ததும் அவ்வாறே கெடும்.

இப்பரீட்சையின் கடைசி சாட்சி அடுப்பேயாகும்: நல்ல பதநீர் காய்ச்சியபின் கெட்டியான கருப்பட்டியாக இறுகும், புளித்தது எவ்வளவு காய்ச்சினும் இறுகாமல் இளகியே நிற்கும். உயிரைப் பணயம் வைத்துப் பனையேறுவோரின் உழைப்புக்குரிய மரியாதை, இந்நுட்பத்தை அறிந்து பருகுவதிலேயே தொடங்குகிறது.